மாட்ரிட்டில் கரண்ட் போன அன்று

ஷார்ஜாவில் வெயில் ஏறுவதற்கு முன்னால் எங்காவது போய்விட்டு வரலாம் என்று நாங்கள் மூன்று பேர் பேச ஆரம்பித்து, அது பேச்சாகவே இரண்டு வருடம் ஓடியது. ஒருவழியாகப் போன வருடம் ஒரு வியாழக்கிழமை இரவு ஸ்பெயினின் மாட்ரிட் நகரத்துக்கு விமானம் ஏறினோம். திங்கள் இரவு திரும்பி வரும் விமானம். கணவர்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை, தோளில் தொங்கும் லேப்டாப் பையும் இல்லை.

மூன்று பேரும் ஒரே பில்டிங். மூத்தவர் கீழக்கரைக்காரர், அவருடைய கணவருக்குத் துபாய் தேராவில் கடை. அவர்கள் ஊரில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் எங்களுக்கும் அவர் லாத்தா. இளையவள் கோயம்புத்தூர், ஸ்கூலில் கணக்கு டீச்சர். நடுவில் நான், திருநெல்வேலிக்காரி. சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் புக்கிங் பார்க்கிறேன். பெட்டிகளை நாடு விட்டு நாடு அனுப்புகிறவளுக்கு மூன்று பெண்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதா பெரிய காரியம் என்று டிக்கெட், விசா, தங்கும் ரூம் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது லாத்தாவின் கணவர் லிஃப்ட் வரை வந்து, “பாத்துக் கூட்டிட்டு வாம்மா” என்றார். முப்பது வருடத்தில் லாத்தா அவர் இல்லாமல் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம் அது. நான் ரொம்பத் தைரியமாகத் தலையாட்டினேன்.

மூன்று நாளும் சாப்பாடுதான். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அங்கே எந்தக் கடையில் நுழைந்தாலும் பன்றித் தொடையை முழுசு முழுசாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். லாத்தா முதல் கடையில் அதைப் பார்த்த பார்வையில் ‘திரும்பிப் போயிடலாமா’ என்று நானே நினைத்தேன். அதற்கு ஹாமோன் என்று பெயர். அப்புறம் ‘ஹாமோன் இல்லாமல்’ என்பதற்கு ‘ஸின் ஹாமோன்’ என்று கற்றுக்கொண்டோம். இறைச்சிப் பக்கமே போகாமல் மீனும் காய்கறியுமாகச் சாப்பிட்டோம். வினிகரில் ஊறிய குட்டி மீனை ஒரு தட்டில் வைத்தார்கள். லாத்தா ஒன்றை எடுத்து வாயில் போட்டு, “இது நம்ம நெத்திலி புள்ள. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்” என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தட்டு வாங்கினார். கோவைக்காரி சைவம். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துக் கனமாகச் சுடும் ஆம்லெட் ஒன்று உண்டு, தோர்த்தியா என்கிறார்கள். முட்டை மட்டும் சாப்பிடுவாள் என்பதால் அவளுக்கு மூன்று நாளும் அதுதான். ஐஸ் போலக் குளிர்ந்த தக்காளி சூப்பைக் குடித்துவிட்டு, “ரசத்தை ஃப்ரிட்ஜில வெச்சுட்டாங்களாக்கா” என்று கேட்டாள்.

நடந்தே ஊரைப் பார்த்தோம். நாலு பக்கமும் ஒரே மாதிரி பால்கனிகள் வைத்த பெரிய சதுக்கம், குளத்தில் படகு விடும் பூங்கா, சிங்கங்கள் பூட்டிய தேரில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் நீரூற்று. ஓவியக் கூடத்தில் ஒரு படத்தின் முன்னால் கோவைக்காரி ரொம்ப நேரம் நின்றாள். என்னவென்று கேட்டால், “ஸ்கூல், வீடு, டியூஷன்னு ஓடிட்டே இருந்துட்டு, சும்மா நிக்கறது நல்லா இருக்குதுங்க்கா” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் என் மகன் கேட்டிருந்த ஃபுட்பால் ஜெர்சி வாங்க நான் கிளம்பினேன். ஊரின் வடக்குப் பக்கத்தில் ஸ்டேடியம், அதன் பக்கத்தில் கடை. மற்ற இரண்டு பேருக்கும் கால் வலி. எண்ணெயில் பொரித்த சுர்ரோஸைக் கெட்டியான சாக்லேட்டில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டு ரூம் பக்கமே இருக்கிறோம் என்றார்கள். “மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு மெட்ரோவில் ஏறினேன். பிக்பாக்கெட் பயத்தில் முதல் நாளிலிருந்தே மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் என் இடுப்புப் பையில்தான். அன்றைக்கும் அப்படியே கட்டிக்கொண்டு போனேன்.

ஜெர்சியை வாங்கிக்கொண்டு திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், சுரங்கத்துக்குள், ரயில் மெதுவாகி நின்றது. விளக்குகள் அணைந்தன. மூலையில் ஒரு சின்ன எமர்ஜென்சி விளக்கு மட்டும் எரிந்தது. ஏசியின் இரைச்சல் நின்றதும் நாங்கள் எத்தனை பேர் மூச்சு விடுகிறோம் என்பது காதில் கேட்டது.

எனக்குப் பயமே வரவில்லை. நான் காலேஜ் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஊரில் பாதி நாள் கரண்ட் இருக்காது. மிக்ஸியில் சட்னி ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றால் யாரும் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டோம். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தவர்களுக்கு அது பழக்கமில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. எல்லோரும் போனை எடுத்தார்கள், எல்லோருக்கும் சிக்னல் இல்லை. கொஞ்ச நேரம் சிரித்தார்கள், கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசினார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். காற்று கனமாகிக்கொண்டே வந்தது.

எனக்கு எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். ஆபீஸ் உடுப்பு, காலில் வெள்ளை ஷூ. அவள் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பதை நான்தான் முதலில் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பிறகு அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தாள். ஒரு பெரியவர் ஏதோ சொல்லித் தேற்றினார். அவளுக்குக் காதில் விழவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தாள்.

என் மகனுக்குச் சின்ன வயதில் வீசிங் உண்டு. மூச்சு கிடைக்காத பிள்ளையின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இது வீசிங் இல்லை, பயம் என்றும் தெரிந்தது. ஆனால் மூச்சு தவிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நான் எழுந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து என் நெஞ்சுக்குக் கீழே, வயிற்றின் மேல் வைத்து, நான் மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டேன். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. ஆகவே தமிழிலேயே பேசினேன்.

“ஒண்ணுமில்லம்மா. கரண்டுதான் போயிருக்கு. இப்ப வந்துரும். இழு… ம்… மெதுவா விடு. அவ்வளவுதான்.”

மகனுக்குச் சொன்ன அதே குரல் எனக்கு எங்கிருந்தோ வந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். புது ஜெர்சியைக் கவரிலிருந்து உருவி அவள் நெற்றியையும் கழுத்தையும் துடைத்தேன், அதையே மடித்து விசிறினேன். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் மூச்சு என் மூச்சோடு சேர்ந்து வர ஆரம்பித்தது. என் கையை மட்டும் அவள் விடவில்லை.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு டார்ச்சோடு இரண்டு ஊழியர்கள் தண்டவாளத்தில் நடந்து வந்தார்கள். கதவைக் கையால் தள்ளித் திறந்து, ஒவ்வொருவராக இறங்கி ஸ்டேஷன் வரை நடக்கச் சொன்னார்கள். கதவுக்குக் கீழே நல்ல உயரம், இருட்டு. அந்தப் பெண் வாசல் வரை வந்து பின்வாங்கினாள். நான் முதலில் இறங்கி, மேலே பார்த்துக் கையை நீட்டினேன். “வா” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இறங்கினாள்.

சுரங்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். போன் வெளிச்சங்கள் சுவரில் ஆடின. முன்னால் போனவர் ஒரு பள்ளம் வந்தால் திரும்பிச் சொன்னார், அது வால் வரை ஆளுக்கு ஆள் கைமாறி வந்தது. எனக்குச் சொல் புரியாவிட்டாலும் அந்தப் பெண் என் கையை அழுத்துவாள், நான் காலைப் பார்த்து வைப்பேன்.

மேலே வந்து வெயிலில் நின்றதும் எனக்குத் தைரியம் போனது. வேடிக்கைதான், எல்லோருக்கும் வெளியே வந்ததும் உயிர் வந்தது, எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. கரண்ட் போனது ரயிலுக்கு மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஊருக்கே போயிருந்தது. சிக்னல் விளக்குகள் இருண்டு கிடந்தன. நடுரோட்டில் ஒருவர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு காரின் கதவைத் திறந்து வைத்து ரேடியோவைச் சத்தமாக விட்டிருந்தார்கள், அதைச் சுற்றிப் பெரிய கூட்டம். பஸ்களில் படி வரை ஆள். டாக்சி ஒன்றுகூட நிற்கவில்லை. போனில் நெட்வொர்க் இல்லை, மேப் வெறும் சாம்பல் கட்டமாக இருந்தது. ரூமின் விலாசம் புக்கிங் ஆப்புக்குள், அது நெட் இல்லாமல் திறக்காது. தினமும் உலகத்தின் துறைமுகங்களையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறவளுக்குத் தான் தங்கியிருக்கும் தெருவின் பெயர் தெரியவில்லை. அந்தப் பேட்டையின் பெயர் மட்டும் ஞாபகம் இருந்தது.

பாஸ்போர்ட் மூன்றும் என் இடுப்பில். நான் போய்ச் சேராவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் விமான நிலையத்துக்குப் போயும் பிரயோஜனமில்லை. இரவு விமானம். லாத்தாவின் கணவருக்குத் தலையாட்டியது நினைவுக்கு வந்தபோது இடுப்புப் பையின் ஜிப்பை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

என் முகத்தை அவள் பார்த்திருக்க வேண்டும். கேள்வியாகக் கையை விரித்தாள். “லாவாபியேஸ்” என்றேன், எங்கள் பேட்டையின் பெயரை. அவள் வடக்கே கையைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். அவள் வீடு அந்தப் பக்கம். தெற்கே காட்டி என்னைத் தொட்டாள். நான் தலையாட்டினேன். இரண்டு நொடி யோசித்தாள். பிறகு சுரங்கத்தில் பிடித்த மாதிரியே என் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடக்க ஆரம்பித்தாள்.

மரங்கள் அடர்ந்த அகலமான சாலை. ஊரே நடந்துகொண்டிருந்தது. கோட்டுப் போட்டவர்கள், பெட்டியை இழுப்பவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள். அடுப்பு எரியாத சின்னச் சாப்பாட்டுக் கடைகளில், கெட்டுப்போவதற்கு முன்னால் தீரட்டும் என்று தட்டுகளை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவள் ஒரு கடையில் புகுந்து ஒரு துண்டு தோர்த்தியாவை ரொட்டிக்குள் வைத்து வாங்கி வந்து, பிய்த்துப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள். ஆறிப்போனது. நான் அந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே ருசியானது அதுதான். நடந்துகொண்டே அவள் ஸ்பானிஷில் பேசினாள், நான் தமிழில் பேசினேன். எனக்கு முட்டி வலிக்கிறது என்று சொன்னேன். அவள் என்ன சொன்னாளோ, இரண்டு பேரும் சிரித்தோம்.

ரொம்ப தூரம் வந்த பிறகு ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டினோம். வாசலில் பெற்றோர் கூட்டம், டீச்சர்கள் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நடை தானாகவே மெதுவானது. அந்த வாசலையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. என்னவென்று கேட்பது போல அவள் தோளைத் தொட்டேன். அவள் தன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்து உயரம் காட்டினாள். பிறகு வடக்கே, நாங்கள் நடந்து வந்த பக்கம் கையைக் காட்டினாள்.

எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது புரிய. அவளுக்கு ஒரு குழந்தை. ஏதோ ஒரு பள்ளி வாசலில் அதே மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. போனும் வேலை செய்யாத அந்த நாளில், தன் குழந்தையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கமாக, ஒரு அந்நிய தேசத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருக்கிறாள்.

நான் அவள் கையை உதறினேன். “போ, நீ முதல்ல போ. புள்ள அழும்” என்று சத்தமாகவே சொன்னேன். அவள் மாட்டேன் என்று தெற்கே காட்டினாள். நான் அவளைப் பிடித்து வடக்குப் பார்க்கத் திருப்பி முதுகில் தள்ளினேன். பக்கத்தில் போனவர்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கடைசியில் அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் இடது முன்கையைப் பிடித்து, அதன் மேல் வழி வரைந்தாள். ஒரு நீளக் கோடு. அதில் ஒரு வட்டம்; பிடரி மயிர் வைத்து ஒரு சிங்கம். நாங்கள் மூன்று பேரும் முன்பே பார்த்த நீரூற்று. அதையும் தாண்டிக் கோடு இன்னும் நேரே இறங்கி, ஒரு ரயில் நிலையம். அங்கிருந்து வலது பக்கம் ஒரு அம்புக்குறி. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தலையாட்டினேன். என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். பிறகு திரும்பி ஓடினாள். வெள்ளை ஷூ கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மீதித் தூரத்தை நான் தனியாக நடந்தேன். வலித்த முட்டி மறந்துபோனது. சிங்கம் வந்தது. ரயில் நிலையம் வந்தது. வலது பக்கம் ஏறினேன். இரண்டு தெரு தவறினேன். மூன்றாவதில் தூரத்தில் எங்கள் மூன்று பெட்டிகளும் ஒரு மளிகைக் கடை வாசலில் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். தெரு முனையில் கோவைக்காரி நின்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

லாத்தா கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “எங்க புள்ள போயிட்ட” என்று ஆரம்பித்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, “தண்ணி குடி மொதல்ல” என்றார்.

நான் இல்லாத நேரத்தில் அவர்கள் அழுதுகொண்டு இருக்கவில்லை. ரூமைக் காலி செய்து பெட்டிகளை மாடியிலிருந்து சுமந்து இறக்கியிருந்தார்கள். கீழே கடை வைத்திருந்தவர் பங்களாதேஷ்காரர். லாத்தா அவரிடம் தேராவில் பேசும் இந்தியில் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவர் முன்னே எங்கள் ஷார்ஜாவை ஒட்டிய அஜ்மானில் வேலை செய்தவராம். ஷார்ஜாவிலிருந்து வருகிறோம் என்று கேட்டதும் நாற்காலி வந்தது, டீ வந்தது, கடைச் சாமான் எடுக்கும் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்ற வாக்கும் வந்தது.

“நா வராமயே போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க லாத்தா?” என்று கேட்டேன்.

“வராம எங்க போவ? வரலைன்னா நாங்களும் போக மாட்டோம். அவ்வளவுதானே” என்றார். பிறகு கடைக்காரரைத் திரும்பிப் பார்த்து, “பாய், ஆ கயீ. யல்லா, சலோ” என்றார். வந்துட்டா, கிளம்பலாம் என்று அர்த்தம்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஜெனரேட்டரில் பாதி விளக்குகள் எரிந்தன. விமானம் தாமதம், ஆனால் ரத்தாகவில்லை. கவுன்ட்டரில் மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அப்போது என் கையில் இருந்த சிங்கத்தைப் பார்த்து அந்த அதிகாரிப் பெண் சிரித்தாள். அங்கேயே நின்று மற்ற இரண்டு பேரிடமும் அவரவர் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். இனி எந்தப் பயணத்திலும் அவரவருடையது அவரவரிடம்தான்.

பேனாக் கோடுகள் ஷார்ஜாவில் இரண்டு மூன்று குளியலுக்குப் பிறகுதான் போயின. மகன் ஜெர்சியைக் கேட்டபோது அதைத் துவைத்துத்தான் கொடுத்தேன், ஏன் என்றும் சொன்னேன். அந்தப் பெண்ணின் பிள்ளை அன்றைக்கு எந்நேரத்துக்குத் தன் அம்மாவைப் பார்த்தது என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியாத விஷயம். அதை நினைக்கும்போதெல்லாம் மனது ஒரு நிமிடம் அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறது.

இந்த வருடம் நாங்கள் இன்னொரு ஊருக்குப் போகிறோம். பாஷை தெரியாத இடத்தில் ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள் என்று ஆபீஸில் ஒருத்தி கேட்டாள். கையைப் பிடித்துக்கொள்ள யாராவது வருவார்கள், அதுவரைக்கும் பக்கத்தில் பயந்துபோய் இருப்பவர் கையை நாம் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்று சொன்னேன்.